விழுந்த கத்தி

இஸ்திரி போடுவது வலது கை வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெட்டியைப் பிடிப்பது வலது கை, அவ்வளவுதான். வேலை தெரிந்தது இடது கைக்கு. துணியை இழுத்துப் பிடிப்பதும், சுருக்கத்தை நீவிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் ஓடுவதும், ஈரம் போதுமா, சூடு ஏறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வதும் அந்தக் கைதான். பதினெட்டு வருடம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பார்த்து நான் தெரிந்துகொண்டது இது. பக்கத்துக் கடைக்காரரின் அந்த இடது கையில்தான் பதினாறு தையல் போட்டிருந்தது.

நான் பை தைப்பவன். அறுந்த வார், கிழிந்த அடி, வாய் மூடாத ஜிப்பு எல்லாம் என்னிடம் வரும். தெருவில் என்னை ஜிப்பு என்றே கூப்பிடுவார்கள். உலகத்துக்கெல்லாம் ஜிப்பு வைக்கிற மனுஷன் தன் வாய்க்கு ஒன்று வைத்துக்கொள்ளவில்லையே என்பது என் மனைவியின் தீராத குறை. அவள் சொல்வது பொய்யில்லை. இதைக்கூட உங்களிடம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்.

என் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அந்தப் பக்கம் துவைக்கும் மெஷின் இரண்டு, பிழியும் மெஷின் ஒன்று, முன்னால் இஸ்திரி மேசை. தலைக்கு மேலே இரண்டு வரிசைக் குழாயில் துவைத்த துணிகள் தொங்கும். உள்ளே நடந்தால் யாருடைய கோட்டின் கையோ காதைத் தடவும். மழைக்காலத்தில் துணி காயாமல் கடையே ஒரு நனைந்த அலமாரியாகிவிடும். இந்த வருடம் மழை விடவே இல்லை.

கடைக்காரரை மடிப்பு என்போம். அவர் போட்ட மடிப்பு அடுத்த துவைப்பு வரைக்கும் நிற்கும். பேச்சு குறைவு. எதற்கும் குரல் உயர்த்த மாட்டார். அவர் மனைவி அதற்கு நேர்மாறு, நடையிலேயே ஒரு வேகம். பதினாலு வருடமாக வாரத்துக்கு இரண்டு காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவள். நீளக் கம்பு, குட்டைக் கம்பு, மரக்கத்தி மூன்றிலும் தேறியவள். அவள் வாங்கிய கோப்பைகள் கடை அலமாரியில் வரிசையாக இருக்கும். ஒன்றில் பொத்தான், ஒன்றில் ஊக்கு, பெரிய கோப்பையில் துணிக்குக் கட்டும் எண் சீட்டு. தெருவில் கம்பு அக்கா என்பார்கள். எனக்கு வயது கூட, அதனால் தங்கச்சி என்பேன்.

நடந்ததாக ஊர் சொன்னது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் கையில் துணி எதுவும் இல்லாமல் ஒருவன் வந்தான். அங்கே துவைக்கப் போடுகிற ஒரு பெண்ணின் விலாசம் கேட்டான். அவனை விட்டு வந்து, வீடு மாறி, தனியாக இருக்கிற பெண் அவள். துணிச் சீட்டில் விலாசம் இருக்கும் என்று எப்படியோ தெரிந்துகொண்டு வந்திருக்கிறான். மடிப்பு தர மாட்டேன் என்றார். அவன் கத்தியை எடுத்தான். பின்னாலிருந்து கம்பு அக்கா துணி எடுக்கிற கொக்கிக் கம்போடு வந்து ஒரே அடியில் கத்தியைத் தட்டிவிட்டாள். விழுந்த கத்தியை அவன் மறுபடி எடுத்து வீசினான். மடிப்பின் கை வெட்டுப்பட்டது. அவன் ஓடினான். தெருமுனையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பிடித்துவிட்டார்கள்.

நான் அப்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டு, ரேடியோவையும் அலறவிட்டுக்கொண்டு இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் நடப்பதையெல்லாம் கேட்கிற காது அன்றைக்கு மட்டும் செத்துக் கிடந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு கம்பு அக்காவுக்குத் தெருவில் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. டீக்கடையில் வாய் கிழியப் பேசுகிற ஆட்கள் அவளைப் பார்த்தால் எழுந்து வழி விட்டார்கள். அவளோ தலையைக் குனிந்துகொண்டு போனாள். யாராவது பாராட்டினால் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். நிறைகுடம் தளும்பாது என்று நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். நான் சொல்கிற பழமொழிகளில் பாதி இப்படித்தான், தப்பான ஆளுக்குப் போய்ச் சேரும்.

டாக்டர் இரண்டு விரலுக்கு நரம்பை இழுத்துத் தைத்திருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாக மடங்காது என்று சொல்லிவிட்டார். உள்ளங்கையில் பாதிக்கு உணர்ச்சி இல்லை. மடிப்பு ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, வேலை சொல்வார். மனைவி பெட்டியைப் பிடிப்பாள்.

"காலர்ல ஆரம்பி. நுனியிலேருந்து நடுவுக்கு வா. நடுவுலேருந்து நுனிக்குப் போனா சுருக்கம் அங்க போய் நிக்கும்."

"சரிங்க."

"கையால தடவிப் பாரு. ஈரமா இருக்கா?"

"இருக்குற மாதிரிதான் இருக்கு."

"மாதிரி என்ன மாதிரி? இருக்கா, இல்லையா?"

"எனக்குத் தெரியலைங்க. உங்க கை இல்ல இது."

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடப் பையைக் கொடுக்கிற சாக்கில் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்தாள்.

மடிப்பின் தங்கை ஒரு துணித் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்க்கிறாள். முந்நூறு பெண்களை மேய்க்கிற குரல் அவளுக்கு. அண்ணனுக்கு அடிபட்ட நாளிலிருந்து தினமும் வேலைக்குப் போகிற வழியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்குத் தூக்கை வைத்துவிட்டு நனைந்த குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள்.

"அண்ணா, முட்ட அவிச்சு வெச்சிருக்கேன். ரெண்டையும் நீயே சாப்பிடு. தையல் காயணும். அண்ணி, உங்ககிட்ட ஒரு விஷயம்."

"சொல்லும்மா."

"எங்க கம்பெனி கேட்டுலேருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஒரு சந்து இருக்குல்ல? போன வாரம் ரெண்டு பொண்ணுங்கள ஒருத்தன் கத்தியக் காட்டித் தொரத்தியிருக்கான். ஏதோ வண்டி வந்துச்சு, தப்பிச்சாங்க. எல்லாரும் பயந்து போயிருக்காங்க. நான் சொன்னேன், எதுக்குடி பயப்படறீங்க, எங்க அண்ணி இருக்காங்கன்னு. நாப்பது பேரு பேர் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழம கேன்டீன தொறந்து விடச் சொல்லியிருக்கேன். நீங்க வந்து சொல்லிக் குடுக்கறீங்க."

கம்பு அக்காவின் கை நின்றுவிட்டது.

"என்னால முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. கூடத்துல வேற யாரையாவது கேளு."

"வேற யாரு? கோப்ப வாங்கினவங்க நெறைய பேர் இருப்பாங்க. நெஜக் கத்திய நெஜமா தட்டி விட்டது யாரு? இந்த அடக்கத்தையெல்லாம் வேற எடத்துல வெச்சுக்குங்க அண்ணி. நீங்க இல்லேன்னா அன்னிக்கு எங்க அண்ணன் இல்ல. அதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"அப்பிடிச் சொல்லாத."

"சொல்லுவேன். ஊரு பூரா சொல்லுவேன். நீங்களே சொல்லுங்க ஜிப்பு அண்ணே, தப்பா?"

என்னைக் கேட்டால் சும்மா இருப்பேனா? "ஆமா தங்கச்சி, தெரிஞ்சத நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தா உனக்கும் நல்லதுதானே" என்று ஆரம்பித்தேன். மடிப்பு திடீரென்று எழுந்தார். "பெட்டி! பெட்டி!" என்று கத்தினார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையின் காலர் மேல் பெட்டி அப்படியே நின்றிருந்தது. தூக்கியபோது காலர் டீ நிறத்தில் கருகியிருந்தது. அந்தக் கடையில் துணி தீய்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விடு, சட்டக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் மடிப்பு.

அவள் சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். நாத்தனார் குடையை எடுத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பத்து மணி. நீ கூட்டிட்டு வா அண்ணா" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன, என் ரேடியோவும் நின்றது. மழைச் சத்தம்கூட அப்போது பார்த்து ஓய்ந்திருந்தது. நான் ஒரு தோல் பையின் அடியை ஊசியால் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது என் மடியில் வந்து விழுந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"நீ போய்ச் சொல்லிக் குடு. என்ன கொறஞ்சு போச்சு?" மடிப்பின் குரல்.

"எதச் சொல்லிக் குடுக்க?"

"தெரிஞ்சத."

"எனக்குத் தெரிஞ்சது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? கூடத்துல எதிராளி கையிலேருந்து கத்தி கீழ விழுந்தா, தட்டி விட்டவங்கதான் குனிஞ்சு எடுக்கணும். ஆயுதம் தரையில கெடக்கக் கூடாது. எடுத்து, அலகு நம்ம பக்கம், பிடி அவங்க பக்கம் வெச்சு, ரெண்டு கையாலயும் குடுக்கணும். அது மரியாத. குடுத்தாத்தான் அடுத்த ஆட்டம். பதினாலு வருஷம். ஒரு நாளைக்கு அம்பது தடவ குடுத்திருப்பேன்."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"அன்னிக்கும் அதத்தான செஞ்சேன்."

ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. அவளே தொடர்ந்தாள்.

"மொத அடி துணியில மாட்டிக்கிச்சு. இந்தக் கடையில அஞ்சடிக் கம்ப எங்க வீசறது? தொங்கின ஒரு கோட்டச் சுத்திக்கிச்சு. உருவிட்டு, கம்பக் குறுக்கிப் பிடிச்சு மணிக்கட்டுல ஒண்ணு போட்டேன். விழுந்துச்சு. அவன் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். உங்களுக்கு ஒண்ணும் ஆகல அப்ப. எதுவுமே ஆகல. நான் குனிஞ்சு எடுத்தேங்க. அவன்கிட்ட நீட்டினேன். தலையக்கூட குனிஞ்சேன். அவனே ஒரு நிமிஷம் முழிச்சான், இவளுக்குப் பைத்தியமான்னு. வாங்கிக்கிட்டுத்தான் என் வயித்தப் பாத்துக் குத்த வந்தான். நீங்க கையக் குடுத்து அலகப் பிடிச்சீங்க."

"சத்தமாப் பேசாத. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும். அவனே எடுத்தான்னு போலீஸ்ல எதுக்குச் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? எம் பொண்டாட்டி எடுத்துக் குடுத்தா, அவன் குத்தினான்னா? ஊரு கை தட்டிச் சிரிக்கும். உன் பதினாலு வருஷமும் ஒரு சிரிப்புல போயிடும்."

"போகட்டுமே! நீங்க என்னை ஒரு வார்த்த திட்டல. வலியில பல்லக் கடிச்சுட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்க, வர்றவங்ககிட்டயெல்லாம் இவதான் காப்பாத்தினான்னு சொல்றீங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க."

"என் கை. அதப் பத்தி நான் என்ன வேணா சொல்லுவேன்."

"நாப்பது பேருங்க. எனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான நான் அவங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன்? அந்தச் சந்துல நாளைக்கு எவளாவது ஒருத்தி கத்தியத் தட்டி விட்டுட்டு, குனிஞ்சு எடுத்து நீட்டினா? அவளுக்குக் கை குடுக்க யாரு இருக்கா அங்க?"

பிறகு அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழாதவர்களின் அமைதி அழுகையைவிடக் கெட்டது. ஊசி விரலில் ஏறி ரத்தம் பையில் பட்டுவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்து ரேடியோ அலறியது. அந்த ரேடியோவை அன்றைக்குப்போல நான் என்றைக்கும் வெறுத்ததில்லை.

காலையில் கடை திறக்கும்போது அவள் என் வாசலில் நின்றாள்.

"அண்ணே, நேத்து கேட்டுச்சுல்ல?"

"தங்கச்சி, நான் வந்து... கரண்ட்டு இல்லையா, அதனால..."

"கேட்டிருக்கும்னு தெரியும். மூணு நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாம இருக்க முடியுமா உங்களால?"

"சத்தியமா."

"நாலாவது நாள் நானே சொல்லிடறேன்."

சத்தியமாகவே இருந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்புக் கட்டையும் மரக்கத்தியையும் நான் தூக்கிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரோடும் போனேன். தொழிற்சாலைக் கேன்டீன் நீளமான கூடம். மேசைகளை ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். சோப்பு போட்டுக் கழுவிய தரை இன்னும் காயவில்லை. நாற்பது பேர் என்றார்கள், ஐம்பதுக்கு மேல் இருந்தார்கள். இருபது வயதுப் பெண்ணும் உண்டு, தலை நரைத்தவர்களும் உண்டு. விரல்களில் ஊசி குத்திய புள்ளி. என் விரலும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது உடனே கண்ணில் படும்.

நாத்தனார் முன்னால் போய் நின்றாள். "இவங்கதான் எங்க அண்ணி. நெஜக் கத்திய நெஜமா..." என்று தொடங்கினாள்.

"இரும்மா" என்றாள் கம்பு அக்கா. "மொதல்ல நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, நான் சொல்லிக் குடுக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சொன்னதைத்தான் சொன்னாள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல், வேறு யாருக்கோ நடந்தது போல நிறுத்தி நிறுத்தி. கம்பு துணியில் மாட்டியது, பிறகு மணிக்கட்டில் அடித்தது, குனிந்தது. இரண்டு கையாலும் நீட்டியதைச் சொல்லும்போது கை தானாக நீண்டது. யாரும் சிரிக்கவில்லை. மடிப்பு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அண்ணனிடம் போனாள்.

"நெஜமாவா அண்ணா?"

"ம்."

"ஏன் எங்கிட்ட மறைச்ச? நான் ஊரு பூரா தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினேனே."

"ஆடினா என்ன? அவன் கத்தியத் தட்டி விட்டது பொய்யா?"

"எடுத்து யாரு குடுத்தா? உன் கை போச்சே அண்ணா. அந்தக் கைய வெச்சுத்தான நீ என்னைப் படிக்க வெச்ச..."

அவள் குரல் உடைந்தது. சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். மழை மறுபடி பிடித்திருந்தது. கூட்டத்தில் ஒரு நரைத்தலை அம்மா எழுந்தார்.

"பாவம், அது போகட்டும். இப்ப நாங்க என்ன பண்ணணும், அதச் சொல்லும்மா. அந்தச் சந்துல நாளைக்கும் நாங்கதான் நடக்கணும்."

கம்பு அக்கா கம்புக் கட்டை ஓரத்தில் வைக்கச் சொன்னாள்.

"அந்தச் சந்துல உங்க கையில கம்பு இருக்காது. குட இருக்கும், சாப்பாட்டுப் பை இருக்கும். அதால மணிக்கட்டப் பாத்து ஒரே ஒரு அடி. பட்டாலும் படாட்டாலும், கத்தி விழுந்தாலும் விழாட்டாலும் கம்பெனி கேட்டப் பாத்து ஓடணும், கத்திக்கிட்டே ஓடணும். கீழ பாக்கக் கூடாது. அவ்வளவுதான். மத்ததெல்லாம் ஆட்டம்."

மடிப்பு எழுந்து வலது கையில் மரக்கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் வந்த பெண் குடையால் பட்டென்று ஒரு அடி போட்டாள். கத்தி விழுந்தது. "ஐயோ, அடி பட்டுடுச்சா அண்ணே?" என்று அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் கூடம் கொஞ்சம் சிரித்தது. இரண்டாமவள் ஓடினாள், பாதி தூரத்தில் நின்று, சரியா என்று திரும்பிப் பார்த்தாள்.

"நான் செஞ்சு காட்டறேன்" என்றாள் கம்பு அக்கா.

அடித்தாள். அவ்வளவு துல்லியமான அடி. கத்தி தரையில் விழுந்து சறுக்கியது. அவள் முதுகு வளைந்தது. பாதியில் தெரிந்து நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது. "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி குனிந்தாள். மறுபடி. ஐந்தாவது தடவை விரல் கத்தியைத் தொட்டேவிட்டது. ஐம்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் உடம்போடு அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். போதும் விடு தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். மடிப்பு என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஒன்பதாவதோ பத்தாவதோ, அடித்த வேகத்தில் அவள் கத்திக்கொண்டே வாசலைத் தாண்டி ஓடினாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் நனைந்து திரும்பி வந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஓடிட்டேன்" என்றாள் கணவனிடம்.

"நல்லா ஓடின."

"அன்னிக்கு நான் இப்பிடி ஓடியிருந்தா, நீங்க அவன்கூட உள்ள நின்னிருப்பீங்க."

சந்தில் துரத்தப்பட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எங்கூட என் தங்கச்சியும் வருவா. அவளால வேகமா நடக்க முடியாது. அவள விட்டுட்டு ஓட எனக்கு வருமா?"

"வராது" என்றாள் கம்பு அக்கா. "எனக்கும் வராது. அதச் சொல்லித் தர்றவங்க யாரும் எங்க கூடத்துல இல்ல."

சன்னல் பக்கம் நின்ற நாத்தனார் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக வந்து தரையில் கிடந்த மரக்கத்தியை எடுத்தாள்.

"அண்ணா, நீ அண்ணி பக்கத்துல போய் நில்லு. நான் அவனா நிக்கறேன்."

"நீ எதுக்கு..." என்றார் மடிப்பு.

"நில்லு போ. அண்ணி, அடிங்க. பாவம் பாக்காதீங்க. அடிச்சுட்டு எங்க அண்ணன இழுத்துக்கிட்டு ஓடுங்க."

அவள் கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது, அதனால் அது விளையாட்டாகத் தெரியவில்லை. அடி விழுந்தது. கத்தி தெறித்தது. கம்பு அக்கா கணவனின் கையைப் பிடித்தாள். இடது கை. மடங்காத விரல்கள் அவள் கைக்குள் நிற்காமல் நழுவின. அவள் மேலே ஏறி மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்தாள். அவர் வலியில் ஒரு சத்தம் போட்டார், ஆனாலும் ஓடினார். இரண்டு பேரும் கத்திக்கொண்டே வாசலைத் தாண்டி, மழையில் முற்றத்தைக் கடந்து, கேட் வரைக்கும் ஓடினார்கள். பதினெட்டு வருடத்தில் மடிப்பு ஓடி நான் பார்த்ததே இல்லை.

கேட்டைத் தொட்டபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவள் அவர் கையை விடவில்லை. அங்கே நின்றபடியே, அடிபட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை கேன்டீன் வரைக்கும் கேட்டது. நாத்தனார் சிவந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்கல்ல? ரெண்டு ரெண்டு பேரா வந்து நில்லுங்க."